மடிக்காமல் கொண்டு வாருங்கள்

டாலர் கொண்டு வாருங்கள்.
நூறு டாலர் தாளாக இருந்தால் நல்லது.
ஐம்பதுக்கு விலை ஒரு படி கீழே.
ஒன்றும் ஐந்தும் உங்களிடமே இருக்கட்டும்.
மடிக்காதீர்கள்.
பர்ஸில் செருகி, அதன்மேல் உட்கார்ந்து
பாங்காக்கிலிருந்து பறந்து வராதீர்கள்.
புத்தகத்துக்குள் வைத்து எடுத்து வந்து
கல்யாணப் பத்திரிகை நீட்டுவதுபோல்
இரண்டு கையாலும் நீட்டுங்கள்.
சி.பி. என்று எண் தொடங்கினால்
இந்த ஊர் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.
காரணம் கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது.

மொகல் தெரு என்று நாங்கள் மட்டும்
இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிற தெருவில்
என் கண்ணாடிக் கூண்டு.
சட்டையில் குத்திய அட்டையில் மா தண்டா சூ.
வீட்டில் சிவகாமவல்லி.

ஜெர்மன்காரர்கள் தாளை உறைக்குள் போட்டு வருவார்கள்,
மருத்துவமனைக்கு எக்ஸ்ரே கொண்டுவருவதுபோல்.
சீனர்கள் பேசமாட்டார்கள்,
கால்குலேட்டரைத் தங்கள் பக்கம் திருப்பி
ஒரு எண்ணை அழுத்திவிட்டு என்னைப் பார்ப்பார்கள்.
நம்மவர்கள் வந்தால்
என் கன்னத்துத் தனகாவைப் பார்த்து
பர்மாக்காரி என்று முடிவுகட்டி
கூச்சமில்லாமல் தமிழில் பேசுவார்கள்:
"இதுங்க ஏமாத்தும். நல்லா எண்ணி வாங்கு."
நான் கட்டைத் தள்ளிவிட்டு
"சரியா இருக்குங்களா?" என்று கேட்கும்போது
விழுகிற அமைதியை
எந்த நாட்டுப் பணத்திலும் மாற்ற முடியாது.
பிறகு பாசம் பொங்கும்.
நீங்க எந்த ஊரு, பூர்வீகம் எது,
ஒரு போட்டோ, கொஞ்சம் சிரிங்க,
அத்தோ எங்கே நல்லா இருக்கும்.
கலந்து பிசைந்ததெல்லாம் இங்கே அத்தோக்தான்.
இஞ்சியா, தேயிலையா, தக்காளியா என்பேன்.
பாரிமுனையில் தின்றதைக் கேட்பார்கள்.

ஜனவரியில் ஆவுடையப்பன் வந்தார்.
தனியாக. கையில் மஞ்சள் பை.
நூறு டாலர், நடுவில் ஒரு மடிப்பு,
கோடு கிழித்ததுபோல்.
ஐயாயிரம் சாட் குறையும் என்றேன்.
சண்டை போடவில்லை.
ஆயிரம் ஆயிரமாக எண்ணி வைத்தேன்.
அவர் கட்டின் முனையை
மோதிர விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே செருகி
கட்டைவிரலால் தள்ள ஆரம்பித்தார்.
தாள்கள் மழைபோல் விழுந்தன.
இடையில் நிறுத்தவில்லை, உதடு அசையவில்லை.

"எந்த பேங்க்?"
நிமிர்ந்து பார்த்தார்.
"புதுக்கோட்டை. இருபத்தொன்பது வருஷம் கேஷ் கவுன்டர்.
போன மாசத்தோட ரிட்டயர்."

பிறகு பையைத் துழாவி
பழைய ஐந்நூறு ரூபாய்த் தாள் நாலை
கண்ணாடிக்கு அடியில் நகர்த்தினார்.
உங்களுக்குத் தெரியாததா என்றேன்.
"தெரியும். பெட்டி மூலையில கிடந்தது.
சும்மா கேட்டுப் பார்த்தேன்.
நவம்பர்ல ஒரு நாளைக்கு நானூறு பேர்கிட்ட
இன்னிக்குப் பணம் தீர்ந்துபோச்சுன்னு சொன்னேம்மா.
கேட்கிற பக்கம் நின்னா எப்படி இருக்கும்னு..."
முடிக்கவில்லை.

உங்களுக்கு ராத்திரி எட்டு மணி,
எங்களுக்குப் பகல் பதினொன்று, ஒரு சனிக்கிழமை.
இருபத்தைந்து, முப்பத்தைந்து, எழுபத்தைந்து,
மூன்றும் செல்லாது என்று ரேடியோ சொன்னது.
முதல்நாள்தான் அப்பா சைக்காவை விற்றிருந்தார்.
எல்லாம் எழுபத்தைந்தாகக் கேட்டு வாங்கினார்,
தாள் குறைவு, பைக்கு அடக்கம் என்று.
எனக்கு அப்போது ஒன்பது வயது.
அந்தத் தாள்களால் கடைகடையாக விளையாடினேன்.
யாரும் அதட்டவில்லை.
அதுதான் பயமாக இருந்தது.

பின்னால் வரிசை நீண்டது.
யாரோ இருமினார்கள்.
அவர் நாலு தாளையும் எடுத்து
ஓரம் தட்டி அடுக்கி
பைக்குள் வைத்துக்கொண்டார்.

"அந்த மடிப்புக்குக் குறைச்சதை விட்டுக்கொடுக்க முடியாதா?"
"முடியாதுங்க."
"நானும் விட்டிருக்க மாட்டேன்."

அத்தோ கேட்கவில்லை.
மொஹிங்கா எங்கே கிடைக்கும் என்றார்.
அது விடியலிலேயே தீர்ந்துவிடும்,
நாளைக்கு ஆறு மணிக்கு முன் வாருங்கள் என்றேன்,
அடுத்தவரின் நோட்டை
வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தபடி.